செத்த கிருமியின் சொத்து யாருக்கு?

வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் ஒரு வாசகர், "ஆன்டிபயாடிக்கில் செத்துப்போன பாக்டீரியா உடம்புக்குள் என்ன ஆகிறது?" என்று கேட்டிருந்தார். சிதைந்து கரைந்துவிடும் என்று பதில் எழுதிவிட்டு, சும்மா இருக்காமல் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: செத்ததன் டி.என்.ஏ. வெளியே சிந்திக் கிடக்கும், பக்கத்தில் உயிரோடு இருக்கும் இன்னொரு பாக்டீரியா அதை உள்ளே இழுத்துத் தன் சொத்தாகவே ஆக்கிக்கொள்ளவும் கூடும் என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, "இந்த முறை முழுக்க இதுவே இருக்கட்டும்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். சரி, ஆரம்பிக்கலாம்.

கேள்வி: கேட்க அம்புலிமாமா கதை மாதிரி இருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்தவர் யாராவது உண்டா? — வாசகி, பொள்ளாச்சி

உண்டு அம்மா. ஆனால் பார்த்தவர் இதைத் தேடிப் போனவர் இல்லை. லண்டனில் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஃப்ரெடெரிக் கிரிஃபித் என்ற டாக்டர், நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவை வகை பிரித்துக்கொண்டிருந்தார். பெரிய பேச்சு இல்லாத, சத்தம் போடாமல் வேலை செய்கிற மனிதர். நியூமோகாக்கஸில் சிலவற்றுக்கு வழவழப்பான சர்க்கரை உறை உண்டு, அந்த உறைதான் அதன் கவசம், அதைப் போட்டுக்கொண்டிருந்தால் நம் வெள்ளணுக்களால் அதைப் பிடித்து விழுங்க முடியாது. உறை இல்லாதது தட்டில் வளர்த்தால் சொரசொரப்பாகத் தெரியும், எலிக்குள் போட்டால் எலிக்கு ஒன்றும் ஆகாது.

1928-ல் அவர் வெளியிட்ட சோதனை இது. உறை உள்ளவற்றைச் சூடாக்கிக் கொன்றார். அந்தப் பிணங்களை மட்டும் சுண்டெலிக்குள் ஏற்றினால் எலி பிழைத்துக்கொண்டது. உறை இல்லாத, உயிருள்ளதை மட்டும் ஏற்றினாலும் பிழைத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்து ஏற்றினார், எலிகள் செத்தன. செத்த எலியின் ரத்தத்தில் உறை போட்ட பாக்டீரியா உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது.

பள்ளிப் புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடும். எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. "உறையை இழந்திருந்த பாக்டீரியா எலிக்குள் போய் மறுபடி தன் பழைய உறையைத் தானே போட்டுக்கொண்டிருக்கலாமே?" என்று யாருக்கும் சந்தேகம் வரும். கிரிஃபித்துக்கும் வந்திருக்கும். உறைகளில் பல வகை உண்டு. அவர் உயிரோடு ஏற்றிய சொரசொரப்பு இரண்டாம் வகையிலிருந்து வந்தது. கொன்று ஏற்றியது மூன்றாம் வகை. எலியின் ரத்தத்தில் கிடைத்ததோ மூன்றாம் வகை உறை! தன் பழைய சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தால் இரண்டாம் வகைதானே வந்திருக்க வேண்டும்? செத்தவன் சட்டையை எப்படித் தைப்பது என்று உயிரோடு இருந்தவன் கற்றுக்கொண்டுவிட்டான், அவன் பிள்ளைகளும் அதே சட்டையோடு பிறந்தன.

செத்ததிலிருந்து எந்தப் பொருள் கைமாறியது என்று கிரிஃபித்துக்குத் தெரியாது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இதே பாக்டீரியாவை ஆராய்ந்த ஆஸ்வால்ட் ஏவரிக்கு முதலில் இதை நம்பவே பிடிக்கவில்லை, ஏனென்றால் உறை வகைகள் மாறாதவை என்பதுதான் அவர் அதுவரை செய்த வேலைக்கு அடித்தளம். ஆனால் அவர் ஆய்வுக்கூடத்திலிருந்து கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன ஒருவரே 1931-ல் எலி இல்லாமல் சோதனைக் குழாயிலேயே இதைச் செய்து காட்டினார், அடுத்த வருடம் ஏவரியின் ஆய்வுக்கூடத்திலேயே பாக்டீரியாவை உடைத்து வடிகட்டிய சாற்றை வைத்தே செய்து காட்டினார்கள். அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் அந்தச் சாற்றைச் சுத்தம் பண்ணுவதே வேலை. புரதத்தை அழிக்கும் நொதியைப் போட்டுப் பார்த்தார்கள், மாற்றம் நிற்கவில்லை. ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நொதி, நிற்கவில்லை. டி.என்.ஏ.வை அழிக்கும் நொதியைப் போட்டதும் நின்றுபோனது. 1944 பிப்ரவரியில் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் அதை வெளியிட்டார்கள். மரபணு என்பது டி.என்.ஏ.வால் ஆனது என்று மனிதனுக்குக் கிடைத்த முதல் உருப்படியான சாட்சி, செத்த பாக்டீரியாவின் சொத்து கைமாறிய இந்த வழக்கில்தான் கிடைத்தது. கிரிஃபித் அதைப் பார்க்கவில்லை. 1941-ல் லண்டன் மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டபோது இறந்துபோனார்.

கேள்வி: வாய் இல்லை, கை இல்லை. அவ்வளவு நீளமான நூலை எப்படி சார் உள்ளே இழுக்கும்? — பிளஸ் டூ மாணவி, தென்காசி

கிணற்றில் வாளி விழுந்துவிட்டால் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பதைப் பார்த்திருக்கிறாயா? உன் வயதுக்குப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு, வீட்டில் பாட்டி இருந்தால் கேள். கயிற்றில் கட்டிய கொக்கிக் கொத்தைக் கிணற்றுக்குள் விட்டுத் துழாவி, வாளி மாட்டியதும் மேலே இழுப்பார்கள். பாக்டீரியாவும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. அதன் மேற்பரப்பிலிருந்து மயிரிழை மாதிரி ஓர் இழை நீளும், இதற்கு பைலஸ் என்று பெயர். நம் தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அது வெளியே நீண்டு, மிதக்கிற டி.என்.ஏ.வைத் தொட்டு ஒட்டிக்கொண்டு, பிறகு சுருங்கி உள்ளே வரும். காலரா பாக்டீரியாவில் அந்த இழைக்கும் டி.என்.ஏ.வுக்கும் தனித்தனியாக ஒளிரும் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப் அடியில் இது நடப்பதை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நேரடியாகவே படம் பிடித்துவிட்டார்கள், 2018-ல். கிரிஃபித்திலிருந்து கணக்குப் போட்டால் சரியாகத் தொண்ணூறு வருடம்.

வாசலுக்குக் கொண்டுவருவது வரைக்கும்தான் பாதாளக் கரண்டி. உட்சவ்வைத் தாண்டும்போது டி.என்.ஏ. அப்படியே போகாது. அது இரட்டை இழை அல்லவா, அதில் ஓர் இழை மட்டும் உள்ளே போகும், இன்னோர் இழையை வெளியிலேயே நறுக்கித் தள்ளிவிடும். டி.என்.ஏ. நூலின் ஒவ்வொரு கண்ணியையும் ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறக்குறைய 80-லிருந்து 100 எழுத்து வேகத்தில் ஒற்றை இழை உள்ளே வரும். உள்ளே காவலுக்கு நிற்கிற புரதங்கள் அதை உடனே போர்த்திக்கொள்ளும், இல்லாவிட்டால் செல்லுக்குள் இருக்கும் நொதிகள் அதைத் தின்றுவிடும். கடைசியாக ரெக்-ஏ என்கிற புரதம் வருகிறது. இந்த ஒற்றை இழையைக் கையில் பிடித்துக்கொண்டு பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.வில் இதே மாதிரி எழுத்து வரிசை எங்கே இருக்கிறது என்று தேடும். கிடைத்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அங்கே தைத்துவிடும். கிடைக்கவில்லையா, பெரும்பாலும் வந்த சரக்கு வீண்.

கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள். கீழே இரண்டு மூன்று பதிலுக்கு அதுதான் சாவி.

கேள்வி: எங்கள் பி.எஸ்சி. லேபில் ஈ.கோலியைக் கால்சியம் குளோரைடில் ஊறப்போட்டு, ஐஸில் வைத்து, திடீரென்று 42 டிகிரியில் முக்கி எடுத்து, மறுபடி ஐஸில் வைக்கச் சொல்கிறார்கள். தானாகவே டி.என்.ஏ. எடுக்கும் என்றால் அதற்கு ஏன் இத்தனை சித்திரவதை? — மாணவர், மதுரை

நல்ல கேள்வி தம்பி, உங்கள் லேபில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், எல்லோரும் ரெக்கார்டு நோட்டு முடிப்பதிலேயே குறியாக இருப்பார்கள்.

எல்லா பாக்டீரியாவும் இந்த வித்தையைச் செய்வதில்லை. நியூமோகாக்கஸ் செய்யும், மண்ணில் இருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் செய்யும், வயிற்றுப் புண்ணோடு சேர்த்துப் பேசப்படும் ஹெலிகோபாக்டர் செய்யும். ஆய்வுக்கூடத்துச் செல்லப்பிள்ளையான ஈ.கோலி சாதாரணமாகச் செய்யாது. அதனால் அதன் கதவை நாம் வெளியிலிருந்து நெம்புகிறோம். டி.என்.ஏ.வுக்கும் எதிர்மின்னேற்றம், பாக்டீரியாவின் மேற்பரப்புக்கும் எதிர்மின்னேற்றம், இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். கால்சியம் நடுவில் புகுந்து அந்தச் சண்டையைத் தணிக்கிறது. குளிரிலிருந்து சட்டென்று சூட்டுக்குப் போகும்போது சவ்வு கொஞ்சம் இளகிக்கொடுக்கிறது, அந்தச் சில நொடிகளில் பிளாஸ்மிட் என்கிற சின்ன டி.என்.ஏ. வட்டம் உள்ளே நழுவிவிடுகிறது. இங்கே பாதாளக் கரண்டியும் கிடையாது, ஓர் இழையை நறுக்குவதும் கிடையாது, வட்டமான இரட்டை இழை முழுதாகவே போகிறது. அதனால் இரண்டுக்கும் பேர் ஒன்று, டிரான்ஸ்ஃபர்மேஷன், ஆனால் ஒன்று தன் வீட்டுக்குத் தானே சாமான் வாங்கி வருவது, இன்னொன்று பூட்டை உடைத்து உள்ளே சாமானைத் தள்ளிவிட்டுப் போவது.

கால்சியம் கொடுத்தால் ஈ.கோலி டி.என்.ஏ.வை ஏற்கும் என்று 1970-ல் மண்டெல், ஹிகா இருவரும் காட்டினார்கள். இரண்டு வருடத்தில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டான்லி கோஹன் குழு அதே வழியில் பிளாஸ்மிட்டை ஏற்றியது. அந்தப் பாதையில் போய்த்தான் 1982-ல் பாக்டீரியா தயாரித்த மனித இன்சுலின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. உங்கள் வீட்டில் யாராவது இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால், நீங்கள் லேபில் திட்டிக்கொண்டே செய்கிற அந்த ஐஸ் வேலையை அடுத்த முறை கொஞ்சம் மரியாதையோடு செய்யலாம்.

நான் முதல் தடவை செய்தபோது தட்டில் ஒரு காலனிகூட வரவில்லை. டீ குடிக்கப் போய் வந்ததற்குள் ஐஸ் பெட்டி தண்ணீர்ப் பெட்டியாகி இருந்தது. கால்சியம் குளிப்பாட்டிய செல்கள் நோயாளி மாதிரி, சூடு கொஞ்சம் பட்டாலும் போச்சு. ஐஸை விட்டு நகராதீர்கள்.

கேள்வி: எந்த டி.என்.ஏ. கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுமா? நம்முடையதைக்கூட? — வாசகர், ஈரோடு

ஆளைப் பொறுத்தது. நியூமோகாக்கஸும் பேசில்லஸும் எது கிடைத்தாலும் இழுக்கும். ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே அப்படி இல்லை, முகவரி பார்த்துத்தான் தபால் வாங்கும். ஏ.ஏ.ஜி.டி.ஜி.சி.ஜி.ஜி.டி. என்ற ஒன்பது எழுத்து இருந்தால் அந்தத் துண்டுக்கு முன்னுரிமை. அதன் சொந்த டி.என்.ஏ.வில் இந்த ஒன்பது எழுத்து கிட்டத்தட்ட 1,500 இடங்களில் வருகிறது, அதாவது தன் இனத்துச் சரக்காகப் பார்த்து எடுக்கிறது. முழு ஜீனோமும், அதாவது மொத்த டி.என்.ஏ. எழுத்தும், படிக்கப்பட்ட முதல் பாக்டீரியா அதுதான், 1995-ல், அதனால்தான் இவ்வளவு துல்லியமாக எண்ண முடிந்தது.

எடுப்பது வேறு, வைத்துக்கொள்வது வேறு. மனித டி.என்.ஏ.வை ஒரு பாக்டீரியா இழுத்தாலும், அதே மாதிரி எழுத்து வரிசை தன்னிடம் இல்லாததால் தைக்க இடம் கிடைக்காது. ஆனால் எங்கும் ஒரு விதிவிலக்கு இருக்குமே. மனித ஜீனோமில் லட்சக்கணக்கான பிரதிகளாகப் பரவிக் கிடக்கும் எல்-1 என்ற பகுதியின் ஒரு துண்டு, கொனோரியா பாக்டீரியாவில் சிலவற்றுக்குள் உட்கார்ந்திருப்பதை 2011-ல் கண்டுபிடித்தார்கள். மனிதனைத் தவிர வேறு எங்கும் இயற்கையாகக் குடியிருக்காத கிருமி அது. இத்தனை காலம் வாடகைக்கு இருந்தவன் வீட்டுக்காரரின் பாத்திரம் ஒன்றைத் தூக்கிப் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 43,000 வருடம் பழைய மாமூத் எலும்பிலிருந்து எடுத்த, நைந்து துண்டுதுண்டான டி.என்.ஏ.வை அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் (2013). அதையும் எடுத்துத் தன் ஜீனோமில் சேர்த்துக்கொண்டது.

கேள்வி: எதற்காக இந்தப் பிழைப்பு? தன்னிடம் இருப்பது போதாதா? — வாசகர், கும்பகோணம்

இதில் ஆராய்ச்சியாளர்களே மூன்று கட்சி. வெறும் சாப்பாடு என்பது ஒரு கட்சி, டி.என்.ஏ.வில் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் இருக்கின்றன, பசிக்கிறவன் தின்கிறான், எப்போதாவது ஒன்று தைக்கப்படுவது தற்செயல் என்பார்கள். தன் டி.என்.ஏ. உடைந்துபோனால் ஒட்டுப்போட மாதிரித் துண்டு வேண்டும், அதற்காக என்பது இன்னொரு கட்சி. புது மரபணு சேர்த்துக்கொண்டால் புது இடத்தில் பிழைக்கலாம் என்பது மூன்றாவது.

சாப்பாட்டுக் கட்சியை என்னால் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. பசிதான் காரணம் என்றால் உள்ளே வந்த இழையை நொதிகள் தின்னாதபடி இத்தனை புரதங்கள் ஏன் பொத்திப் பொத்திப் பாதுகாக்க வேண்டும்? அது மட்டும் இல்லை, நியூமோகாக்கஸ் எப்போதும் இந்த நிலையில் இருப்பதில்லை. 17 அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்னப் புரதத் துணுக்கை வெளியே விடும், சுற்றியுள்ள உறவுக்காரர்களும் அதை விடுவார்கள், அளவு ஏறியதும் எல்லோரும் சேர்ந்து டி.என்.ஏ. எடுக்கத் தயாராகிவிடுவார்கள். அரை மணி நேரம் போலத்தான், பிறகு கடையைச் சாத்திவிடுவார்கள். தெருவில் தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டுக் குடத்தோடு ஓடுகிற மாதிரி.

அந்த அரை மணியில் இன்னொரு காரியமும் நடக்கிறது. தயாரான செல்கள், தயாராகாத தன் சொந்த இனத்துச் செல்களை நொதி விட்டு உடைத்துக் கொல்கின்றன. சிந்திய டி.என்.ஏ.வை எடுத்துக்கொள்கின்றன. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதற்குச் சகோதரக் கொலை என்றே பெயர். சொத்துக்காகப் பங்காளியை வெட்டுவது மனிதனின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி: காலரா கடலோரத்தில் அதிகம் வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? நண்டு ஓடு பற்றி ஏதோ படித்த நினைவு. — வாசகர், நாகப்பட்டினம்

உங்கள் நினைவு சரிதான் ஐயா. காலரா பாக்டீரியா மனிதக் குடலுக்கு வந்துபோகிற விருந்தாளி. அதன் சொந்த ஊர் கழிமுகத் தண்ணீர், உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடம். அங்கே நண்டு, இறால், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத கோபிபாட் என்ற குட்டிப் பிராணி போன்றவற்றின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழும். அந்த ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. காலரா பாக்டீரியாவுக்குக் கைட்டின் சாப்பாடு மட்டும் இல்லை, சமிக்ஞையும் கூட: கைட்டின் மேல் உட்கார்ந்தால் டி.என்.ஏ. எடுக்கும் இயந்திரத்தை அது இயக்குகிறது என்று 2005-ல் ஸ்டான்ஃபோர்டு குழு காட்டியது. பத்து வருடம் கழித்து சுவிட்சர்லாந்தில் மெலனி பிளோகெஷ் குழு, அதே சமிக்ஞை ஓர் ஈட்டியையும் இயக்குவதைக் கண்டுபிடித்தது. பக்கத்துச் செல்லைக் குத்து, சிந்துவதை எடு. அது வெளிநாட்டு விஷயம் என்று நினைக்காதீர்கள், அடுத்த சம்பவம் நம் வாசலில் நடந்தது.

1992 வரை காலரா பாக்டீரியாவில், மேற்பரப்பை வைத்துப் பிரித்த 138 ஓ-வகைகள் அடையாளம் காணப்பட்டிருந்தன, அவற்றில் கொள்ளைநோயாகப் பரவியது ஓ1 என்ற ஒரே வகைதான். அந்த வருடக் கடைசியில் சென்னையில் (அப்போது மெட்ராஸ்) காலரா மாதிரியே நோயாளிகள் வந்தார்கள், அதே பேதி, அதே வறட்சி, ஆனால் எடுத்த பாக்டீரியா ஓ1 பரிசோதனைக்குப் பிடிகொடுக்கவில்லை. தெரிந்த 138 வகையில் எதோடும் ஒத்துப்போகவில்லை. வங்காள விரிகுடாக் கரையைப் பிடித்துக்கொண்டு அது கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போனது, வங்கதேசத்தில் 1993-ன் முதல் சில மாதங்களிலேயே லட்சம் பேரைத் தாண்டியது. ஏற்கனவே காலரா பார்த்த ஊர்களில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும், குழந்தைகள்தான் அதிகம் விழுவார்கள். இந்த முறை பெரியவர்களே சாய்ந்தார்கள், ஏனென்றால் அவர்கள் உடம்பு பழகியிருந்தது ஓ1-ன் முகத்துக்கு. இதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள்.

உள்ளே பிரித்துப் பார்த்தால் அது பழைய ஓ1 ஆள்தான்! மேல்சட்டையைத் தைக்கும் மரபணுத் தொகுதி மட்டும் கழற்றி மாற்றப்பட்டிருந்தது. கிரிஃபித்தின் எலிக்குள் நடந்த அதே சட்டை மாற்றம். 2007-ல் அதே பிளோகெஷும் ஸ்டான்ஃபோர்டின் ஸ்கூல்னிக்கும் ஓ1 பாக்டீரியாவைக் கைட்டின் பரப்பில் வளர்த்து, ஓ139-ன் டி.என்.ஏ.வைக் கொடுத்து, அதை ஓ139 ஆகவே மாற்றிக் காட்டினார்கள். 1992-ல் இப்படித்தான் நடந்தது என்று இதை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஒரு நண்டு ஓட்டின் மேல் இப்படி நடக்க முடியும் என்பது நிரூபணம், அவ்வளவுதான். அவ்வளவே எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கப் போதும்.

கேள்வி: ஆன்டிபயாடிக் கேட்காமல் போவதும் இப்படித்தானா? 'டெல்லி சூப்பர் பக்' என்று பேசினார்களே, அதுவும் இதுவா? — மருந்துக்கடை வைத்திருப்பவர், கோவை

இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வது என்.டி.எம்.-1, ஆன்டிபயாடிக்கை உடைக்கும் ஒரு நொதி, பெயரில் உள்ள என்.டி. நியூ டெல்லி. புதுடெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் முதலில் கிடைத்ததால் அந்தப் பெயர், அந்தப் பெயரை வைத்து நம் அரசாங்கம் கோபப்பட்டதும் நினைவிருக்கும். அதன் பரவலைப் பற்றி 2010-ல் லான்செட் குழுமத்து இதழில் வந்த கட்டுரைக்கு முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை மாதிரிகளிலும் அது கிடைத்திருந்தது. ஆனால் அந்த நொதியின் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் ஏறி, ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு குழாய் இணைத்து நேரடியாகக் கொடுப்பதன் மூலம் பரவுகிறது. அது உயிருள்ளவர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல். நாம் இங்கே பேசுவது வெளியே சிந்தியதைப் பொறுக்குவது. மருத்துவமனையைப் பொறுத்தவரை முதலாவதுதான் பெரிய தலைவலி.

பொறுக்குவதற்கு நல்ல உதாரணம் மறுபடி நியூமோகாக்கஸே. பென்சிலினை உடைக்கும் நொதியை அது தயாரிப்பதில்லை. பென்சிலின் போய் ஒட்ட வேண்டிய புரதத்தையே மாற்றிக்கொண்டது. அந்த மரபணுவைப் படித்தால் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருக்கும், கொஞ்சம் சொந்தத் துணி, நடுவில் வேறு துணி, மறுபடி சொந்தத் துணி. அந்த வேறு துணி நம் வாயிலும் தொண்டையிலும் சாதுவாக வாழும் ஒன்றுவிட்ட உறவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் மாதிரியானவற்றுடையது. உறவு என்பதால் எழுத்து வரிசை ஓரளவு ஒத்துப்போகிறது, ரெக்-ஏ தைத்துவிடுகிறது. தென்காசி மாணவிக்குச் சொன்ன சாவி இதுதான்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. உறை தைக்கும் மரபணுத் தொகுதி, பென்சிலின் ஒட்டும் இரண்டு புரத மரபணுக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நீளமான ஒரே துண்டு உள்ளே வந்தால் மருந்துக்கு எதிர்ப்பும் புது உறையும் ஒரே நேரத்தில் கிடைக்கும். தடுப்பூசி குறிவைப்பது உறையை. நூற்றுக்கும் மேற்பட்ட உறை வகைகள் இருக்க, தடுப்பூசியில் இருப்பது சில மட்டும். அப்புறம், சில ஆன்டிபயாடிக்குகள், குறிப்பாக ஃப்ளூரோகுவினலோன் வகை, நியூமோகாக்கஸை டி.என்.ஏ. எடுக்கும் நிலைக்கே தூண்டிவிடுகின்றன என்று 2006-ல் காட்டினார்கள். அதனால், சீட்டு இல்லாமல் "ரெண்டு மாத்திரை மட்டும் குடுங்க" என்று கேட்டு வருகிறவரிடம் நீங்கள் இல்லை என்று சொல்லலாம், காரணம் கேட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

கேள்வி: மரபணு மாற்றிய காயைச் சாப்பிட்டால் அந்த மரபணு நம் குடல் பாக்டீரியாவுக்குப் போய்விடாதா? — வாசகி, திருவண்ணாமலை

போக வாய்ப்பு மிக மிகக் குறைவு. சாப்பாட்டு டி.என்.ஏ. வயிற்றிலும் குடலிலும் நறுங்கிவிடுகிறது, மிச்சம் உள்ளே போனாலும் செடியின் எழுத்து வரிசைக்கு பாக்டீரியாவில் தைக்க இடம் இல்லை. பாக்டீரியாவிலிருந்தே எடுத்துச் செடியில் வைத்த மரபணு என்றால் கதை கொஞ்சம் மாறும். அதே மரபணுவின் உடைந்த பிரதி ஒன்றைத் தயாராக வைத்திருந்த அசினெட்டோபாக்டர், மரபணு மாற்றிய செடியின் டி.என்.ஏ.விலிருந்து அதைச் சரிசெய்துகொண்டதை 1998-ல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். அங்கே தைக்க இடத்தை ஆராய்ச்சியாளர்களே செய்து வைத்திருந்தார்கள். பி.டி. கத்தரிக்காயை எதிர்க்க விதை உரிமை, பூச்சிக்குப் பழகுதல் என்று வேறு வலுவான காரணங்கள் இருக்கின்றன அம்மா, இதைக் கையில் எடுத்தால் வாதத்தில் தோற்போம். பி.டி. மரபணுவே மண்ணில் இருக்கும் ஒரு பேசில்லஸுடையதுதான்.

கேள்வி: தயிரில் இருப்பதும் இப்படிச் செய்யுமா? — வாசகர், காரைக்குடி

செய்யும். தயிர் உறைய வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸுக்கும் இந்தத் திறமை உண்டு, நியூமோகாக்கஸின் தூரத்துச் சொந்தம் வேறு. பயப்படாமல் சாப்பிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் தண்ணீரைக் கொதிக்க வைப்பது வீண்தானா? செத்தாலும் டி.என்.ஏ. இருக்குமே? — வாசகி, தாம்பரம்

வீண் இல்லவே இல்லை. கொதிக்க வைத்தால் காலரா பாக்டீரியா சாகும், உங்களுக்கு நோய் தருவது உயிருள்ள அதுதான். கொதியில் டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் பிரிந்து, உடைந்தும் போகும், மிச்சத்தை உங்கள் குடல் ஜீரணித்துவிடும். நாம் தினமும் கீரையிலும் மீனிலும் சாப்பிடும் டி.என்.ஏ.வைவிட அது தூசி.

கேள்வி: இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு ஏவரிக்கு நோபல் கிடைத்ததாகப் படித்த நினைவே இல்லையே? — ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

கிடைக்கவில்லை ஐயா. பல முறை பரிந்துரைத்தார்கள். டி.என்.ஏ. நான்கே எழுத்து கொண்ட மந்தமான பொருள், அதில் இவ்வளவு விஷயம் இருக்க முடியாது, சாற்றில் கொஞ்சம் புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும், வேலையைச் செய்தது அதுதான் என்று சந்தேகப்பட்டவர்கள் நிறைய. 1952-ல் ஹெர்ஷியும் சேஸும் வைரஸை வைத்து அதையே சொன்ன பிறகுதான் பலர் மனம் மாறினார்கள். ஏவரி 1955-ல் இறந்துவிட்டார்.

அவரும் 1944 கட்டுரையில் மரபணு என்று அடித்துச் சொல்லவில்லை, அளந்து அளந்துதான் எழுதினார். ஆனால் அதற்கு முந்தைய வருடம் மே மாதம், நாஷ்வில்லில் பேராசிரியராக இருந்த தம்பி ராய்க்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அந்த அடக்கம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். வைரஸ் மாதிரித் தெரிகிறது, ஒருவேளை ஜீனாகவே இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறார்.